மஞ்சள் வண்டிக்குப் போட்ட பெருக்கல் குறி

லிஃப்ட் ஆய்வாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘பெருக்கல்’. அவர் கையில் எப்போதும் இருக்கும் பரிசோதனைப் படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, கதவு மூடும்போது விரல் நுழையுமா, உள்ளே அபாய மணி அடித்தால் கீழே காவலாளிக்குக் கேட்குமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சரியென்றால் டிக், குறையென்றால் பெருக்கல் குறி. மற்ற ஆய்வாளர்கள் நாற்பது டிக் விழுந்தால் மீதி இரண்டையும் பார்த்தும் பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் ஒரே ஒரு பெருக்கல் விழுந்தாலும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அப்புறம் கட்டடக்காரர் தலைகீழாக நின்றாலும் அந்தப் பேனா வெளியே வராது.

பிடிவாதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் தரை மட்டத்துக்கு இரண்டு விரல்கடை உயரமாக நின்றது. ‘இதெல்லாம் ஒரு குறையா?’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை அங்கே இடறி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து சின்னக் குறை என்ற சொல்லே பெருக்கலின் அகராதியில் கிடையாது. லிஃப்டுக்கு அது நல்ல சட்டம்தான். ஆனால் மனிதர் அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. ஊரே ‘மேடம்’ என்று கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியில் அவர் மாணவர், அதனால் ஒட்டிக்கொண்ட பழக்கம். மூன்று முறை லைசென்ஸ் பரீட்சையில் தோற்று, நாலாவது முறை தேறி, அந்தச் சூட்டோடு பெண் கேட்டவர். “பாஸ் பண்ணலைன்னா இன்னும் மூணு மாசம் ஃபீஸ் கட்டியிருப்பார், நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று மேடம் சொல்லாத விருந்தாளி இல்லை. கோபம் வந்தால் மட்டும் கணவரைப் பழையபடி ‘சார்’ என்பார்.

பள்ளி வண்டியில் இரண்டு பக்கமும் பெடல் இருக்கும். படிக்கிறவர் கிளட்சை மிதிக்க மறந்து வண்டி குதிக்கும்போது, ஆசிரியர் தன் பக்கத்துப் பெடலை மிதித்துக் காப்பாற்ற வேண்டும். அதனால் மேடத்தின் இடது கால் எப்போதும் தரையைத் தொடாது. பெடலுக்கு ஒரு விரல்கடை மேலே மிதந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மாணவர்கள். யாரும் சைக்கிளைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டியதில்லை. இப்படி இருபத்திரண்டு வருஷம்.

அந்த மனுஷிக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள் இருவரும் போய்க்கொண்டிருந்தபோது, தரையோடு தரையாகப் படுத்த மாதிரி இரண்டு கதவுக் கார் ஒன்று உறுமிக்கொண்டு முந்திப் போனது. மேடம் கழுத்தைத் திருப்பி அது மறைகிற வரைக்கும் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை, அந்த மாதிரி வண்டியை நான் விரட்டணுங்க. எனக்கே எனக்குன்னு கியர் போட்டு. யாரையும் காப்பாத்த வேண்டியதில்லாம.”

“வாங்கிடலாம் மேடம்” என்றார் பெருக்கல். அந்த வார்த்தையை அவர் மனதார, சத்தியமாகத்தான் சொன்னார்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போன வருஷம்தான் அதற்குக் கையில் காசு சேர்ந்தது. புதிய வண்டி நினைத்துப் பார்க்கவே முடியாத விலை. பழையதில் நல்லது ஒன்று பார்க்கலாம், அதுவும் வயதான பழையது. ‘நம்ம கைக்கு எட்டுறதுல நல்லதா ஒண்ணு’ என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மேடம் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தார். பெருக்கல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கோடு போட்டு, ஒரு படிவம் தயாரித்தார். நாற்பத்திரண்டு கட்டங்கள். அப்போதே மேடம் உஷாராகியிருக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: முதலில் பார்த்த வண்டிகளுக்கு அவர் போட்ட பெருக்கல் நியாயமானது. ஒரு பல் மருத்துவரின் வண்டியில் டயர்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தன, அடிச்சட்டம் கோணல். ஒரு புகைப்படக்காரரின் வண்டியில் தரை விரிப்பைத் தூக்கினால் குப்பென்று ஈர வாடை. வெள்ளத்தில் முழுகிய வண்டி. இன்னொன்றில் மீட்டர் சொன்ன தூரத்துக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்த இருக்கைக்கும் சம்பந்தமே இல்லை. விற்கிறவர்களின் வாயோ சர்க்கரை. “ஞாயித்துக்கிழமை மட்டும்தாங்க எடுப்பேன்” என்று சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் சொல்வதை நம்பினால் அந்த ஊரில் திங்கள் முதல் சனி வரை எந்தக் காரும் ஓடியிருக்கக் கூடாது.

கூடவே துணைக்கு வந்துகொண்டிருந்தவர் மேடத்தின் தம்பி. டயர் கடை வைத்திருப்பவர், வாய் நிற்காது.

“குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் காரும் இல்ல மாமா” என்றார் ஆறாவது வண்டியில்.

ஏழாவதுதான் அந்த மஞ்சள் வண்டி.

அதை வைத்திருந்தவர் ஒரு சங்கீத வாத்தியார். வெளியூருக்குப் போய் மகளோடு இருக்கப் போவதால் விற்கிறார். துடைத்துத் துடைத்து மூக்குப் பகுதியில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி கண்ணைப் பறித்தது. விலையும் சொல்லிவைத்தாற்போல அவர்கள் கைக்குள் இருந்தது. வாத்தியார் சாவியைப் பெருக்கலிடம் நீட்ட, அவர் அதை மேடத்திடம் கொடுத்தார்.

மேடம் அடியிலிருந்த கொக்கியைத் தூக்கி, இருக்கையை டக் டக்கென்று இரண்டு பல் முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். ஊரைத் தாண்டி கிடங்குகள் இருக்கிற பக்கம் நீளமாக ஒரு சாலை உண்டு. மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. அங்கே போனதும் இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்குப் போன அந்தக் கணம் வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. பெருக்கல் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பார்த்தால், மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்காகச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. வாய் திறந்து, பல் தெரிந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை போலச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் பெருக்கல் படிவத்தை எடுத்தார். நாற்பத்தொரு டிக் விழுந்தது. தம்பிக்கே நம்ப முடியவில்லை. படிவத்தை எட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டத்துக்காகப் பெருக்கல் குச்சியில் கட்டிய கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்தார். வண்டியின் பின்பக்க அடித்தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு.

“அது நான் வாங்கும்போதே இருந்துச்சு சார். யாரோ பின்னால இடிச்சிருக்காங்க. பத்து வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல” என்றார் வாத்தியார்.

“ஆகிற வரைக்கும் எதுவும் ஆகாதுதான் சார்.”

“மாமா, சின்ன விஷயம் மாமா” என்றார் தம்பி.

“சின்னக் குறைன்னு ஒண்ணு கிடையாது” என்று சொல்லி, நாற்பத்திரண்டாவது கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுப் பேனாவை மூடினார்.

மேடம் மறுபடி வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். இருக்கையை வாத்தியாரின் அளவுக்கு இரண்டு பல் பின்னால் தள்ளினார். கண்ணாடியைப் பழையபடி திருப்பினார். இறங்கி, சாவியை வாத்தியார் கையில் கொடுத்து, “நல்லா வெச்சிருக்கீங்க சார்” என்றார். வீட்டுக்கு வரும் வழியில்கூட, “ஏங்க இப்படிப் பண்ணினீங்க?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நல்லதாகப் போயிருக்கும். மேடத்துக்கும் அந்தக் கணக்குப்பிள்ளையின் கதை தெரியும். அதுதான் வாயைக் கட்டியது.

அதற்குப் பிறகு நாலு வருஷம். எட்டாவது, பதினைந்தாவது, இருபத்தாறாவது. வண்டிகளுக்கு வயது கூடிக்கொண்டே போனது, குறைகளும்தான். அலை ஓய்ந்து குளிக்கப் போகிறவர் போல மனிதர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குச்சிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். முதலில் மேடமும் கூடவே போனார். பிறகு, “நீங்க பாத்துட்டு வாங்க, சரியா இருந்தா நான் வரேன்” என்றார். அப்புறம் அவர் திரும்பி வரும்போது துணி மடித்தபடி, “இன்னைக்கு என்ன குறை?” என்று மட்டும் கேட்பார். அவர் விவரமாகச் சொல்வார். மேடம் ‘ம்’ கொட்டுவார். மாடியிலிருந்து இறங்கும்போது மேடம் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்ததை அவர் பார்க்காமல் இல்லை. வயது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மருத்துவர் மேடத்தின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, இடது முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் கிளட்ச் மிதிக்கிற வேலை ஆகாது என்று சொல்லிவிட்டார். பள்ளி முதலாளி நல்ல மனிதர். விடைகொடுக்கும் நாளில் ஒரு சின்ன மரப்பலகையில் எதையோ திருகி, நாடா கட்டிக் கொடுத்தார். பள்ளியின் பழைய வண்டியிலிருந்து கழற்றிய கிளட்ச் பெடல். மேடத்தின் பக்கத்துப் பெடல்.

வீட்டுக்கு வந்ததும் மேடம் அதை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். பெருக்கல் பழக்க தோஷத்தில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெடலின் ரப்பர் ஒரு பக்கம் புதிதுபோலக் கோடுகளோடு இருந்தது. மறுபக்கம் கோடெல்லாம் அழிந்து, ரப்பர் போய், அடியில் இரும்பு பளபளத்தது. டயர் தேய்ந்த விதத்தைப் பார்த்து அந்த வண்டி போன பாதையையே சொல்லிவிடுகிற ஆள் அவர். எத்தனை பேர் மறந்த கிளட்ச், எத்தனை ஆயிரம் மிதி, எந்தக் கோணத்தில் முட்டியில் போய் இறங்கியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற கண்ட கண்ட வண்டிகளின் தேய்மானத்தையெல்லாம் குப்புறப் படுத்துப் பார்த்த மனிதர், பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இந்தத் தேய்மானத்தை ஒரு கட்டத்திலும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. பெடலை வைத்துவிட்டு நேராக டயர் கடைக்குப் போனார்.

“அந்த மஞ்சள் வண்டி வேணும்டா.”

தம்பி மாமனை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்து, முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அந்த சைஸ் டயர் இந்த ஊர்ல நாலு வண்டிக்குத்தான் மாமா. விசாரிச்சிடலாம்.”

மூன்று வாரம் ஆனது. சங்கீத வாத்தியாரிடமிருந்து ஒரு கால்நடை மருத்துவர், அவரிடமிருந்து செடி வளர்த்து விற்கிற பண்ணைக்காரர். தகரக் கொட்டகைக்குள் வண்டி நின்றது. மஞ்சள் சோகையாகிவிட்டது. முன்விளக்கு ஒன்றில் கீறல். பின்னிருக்கை இருந்த இடத்தில் உரமூட்டை. ஓட்டுநர் இருக்கையின் தையல் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. படிவத்தை எடுத்திருந்தால் இருபது பெருக்கலாவது விழுந்திருக்கும். அவர் எடுக்கவில்லை.

“கீழ பாக்கலையா சார்? எல்லாரும் பாப்பாங்க” என்றார் பண்ணைக்காரர்.

“வேணாம்” என்றார் பெருக்கல்.

தம்பி ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

“அதேவா?”

“அதேதான்.”

“குனிஞ்சு பாத்தீங்களா?”

“இல்ல.”

மேடம் கையை நீட்டி, “சாவியைக் குடுங்க” என்றார்.

அந்த மாதிரி வண்டியில் ஏறுவது என்பது கிடையாது, இறங்க வேண்டும். தரைக்கு ஒரு முழம் மேலே இருக்கை. மேடம் கதவைப் பிடித்து, கணவரின் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். இருக்கையை இரண்டு பல் முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். கை கியரின் மேல் தானாகப் போய் உட்கார்ந்ததைக்கூடப் பெருக்கல் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் அந்த இடது காலின் மேல்தான். கால் கிளட்சைத் தொட்டது. பாதி தூரம் போனது. நின்றது. மேடத்தின் நெற்றியில் வியர்வை முத்து கட்டியது. காலை எடுத்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடி வைத்தார். இந்த முறை பாதிகூடப் போகவில்லை.

“வேணாம்கா” என்றார் தம்பி. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மேடம் கைகளை ஸ்டியரிங்கில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்து, இருக்கையைப் பின்னால் தள்ளினார். ஒரு பல், இரண்டு பல், மூன்று, நாலு. அது பெருக்கலின் அளவு. மாணவராக வந்த காலத்து அளவு.

“நீங்க உக்காருங்க சார்.”

“நானா? இதையா?”

“லைசென்ஸ் இருக்குல்ல? நாலாவது தடவையா இருந்தாலும் பாஸ்தானே?”

கிடங்குச் சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி மூன்று முறை அணைந்தது. நடந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெருக்கலுக்கு வியர்த்துக் கொட்டியது. நீளச் சாலையில் திரும்பியதும் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது போடுங்க. அவசரப்படாதீங்க, அதோட சத்தத்தைக் கேளுங்க. இன்னும் மிதிங்க. இன்னும்.”

“போதும் மேடம், பயமா இருக்கு.”

“சத்தம் பத்தலை. மிதிங்கன்னா மிதிங்க. இப்ப கிளட்ச். மூணாவது!”

வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. பெருக்கல் ஓரக்கண்ணால் பார்த்தார். பெடல் எதுவும் இல்லாத அந்தப் பக்கத்தில், மேடத்தின் இடது கால் விரிப்பின் மேல் அழுந்தி, எழுந்து, மறுபடி மிதந்து நின்றது. அடுத்த கியருக்கும் அப்படியே. அவர் மிதிப்பதற்கு ஒரு கணம் முன்னால் அந்தக் கால் மிதித்தது. ஒவ்வொரு முறையும் வலியில் உதடு சுருங்கியது. அப்படியும் கால் நிற்கவில்லை. வண்டியை ஓட்டியது மேடம்தான். அந்தச் சிரிப்பு வருகிறதா என்று அவர் இரண்டு முறை பார்த்தார். வரவில்லை. மேடம் இன்றைக்கும் யாரையோ காப்பாற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

கிடங்குகள் முடிகிற இடத்தில் நிறுத்தினார்கள். மேடம் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து விட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு இதுல என்ன குறைன்னு எழுதினீங்க?”

“பின்னால அடித்தகட்டுல ஒரு வெல்டிங் தழும்பு. ஒரு சாண் இருக்கும்.”

“இப்ப எப்படி இருக்கு, பாருங்களேன்.”

“எதுக்கு மேடம்?”

“பாருங்க.”

அவர் இறங்கிப் பின்னால் போனார். குச்சியும் இல்லை, டார்ச்சும் இல்லை. தார்ச்சாலையில் கன்னம் படக் குப்புறப் படுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். நாலு வருஷம், இரண்டு சொந்தக்காரர்கள், எத்தனையோ உரமூட்டைகள். ஒரு மயிரிழை விரியவில்லை. துருகூட ஏறவில்லை.

“என்னங்க, பெருசாயிருக்கா?”

“இல்ல. அப்படியேதான் இருக்கு.”

“அதுக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க” என்றார் மேடம் உள்ளிருந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. “எனக்குத்தான் ஆயிடுச்சு.”

பெருக்கல் எழுந்திருக்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும், வண்டிக்குப் பின்னால், சுடுகிற தரையில் அப்படியே கிடந்தார்.